மணி அடித்தால் கிளவுஸ் மாற்றவும்

நான் வேலை பார்க்கும் கல்லூரி திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே எனக்கு ஒதுக்கிய அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் மலை, மூடினால் வேர்வை. முன்பு நான் இருந்த பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் தெரியும். இந்த வித்தியாசத்துக்கு எந்த முக்கியத்துவமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

பெங்களூரை விட்டு ஊருக்கு வந்தபோது நான் கொஞ்சம் அலட்டலாகத்தான் வந்தேன். அங்கே செய்கிற வேலையை இங்கேயும் செய்ய முடியும் என்று கல்லூரி முதல்வரிடம் மேசையைத் தட்டிச் சொன்னேன். அவரும் நம்பினார். பாவம், தாவரவியலில் யாரும் அதுவரை அவர் மேசையைத் தட்டியதில்லை.

வேலை இதுதான். எங்கள் பக்கம் கரும்பு வெட்டி முடித்ததும் நிலத்தில் கிடக்கும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துவார்கள். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கருகிய கட்டைகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவியதுபோல ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும். பள்ளிப்பட்டு ரோட்டில் என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இருக்கும் நிலத்தில் அதைக் காலால் தேய்த்து, கால் சட்டையெல்லாம் ஆரஞ்சாக்கிக்கொண்டு அடி வாங்கியவன் நான். அதே பூஞ்சையை உலகத்துப் பெரிய ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள் என்பது பெங்களூரில்தான் தெரிந்தது.

காரணம், அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் வெளியே பகலா ராத்திரியா என்று அதற்குத் தெரியும். அதன் ஜீன்களில் ஒன்று காலைப் பொழுதில் விழித்து, பொழுது சாயச் சாய அடங்கும். விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விழித்திருக்கும் ஜீன் செல்லுக்குள் ஓலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஓலையின் பெயர் ஆர்.என்.ஏ. வெவ்வேறு பொழுதில் பூஞ்சையை எடுத்து, அரைத்து, எத்தனை ஓலை இருக்கிறது என்று பார்த்தால் கடிகாரம் ஓடுவது தெரியும். நைனாவின் நிலத்துப் பூஞ்சையில் அதைப் பார்த்துக் காட்டுகிறேன் என்றுதான் பணம் கொடுக்கும் குழுவுக்கு எழுதிப் போட்டு, ஆச்சரியமாக, வாங்கியும் விட்டேன்.

ஆனால் ஆர்.என்.ஏ. மாதிரி ஒரு தொட்டாற்சிணுங்கி கிடையாது. அதைத் தின்பதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. நம் தோலில், வேர்வையில், எச்சிலில் எல்லாம் அதுதான். கொதிக்க வைத்தாலும் லேசில் சாகாது. ஒரு விரல் பட்டால் போதும், டியூபில் இருப்பதெல்லாம் காலி. அதனால்தான் நாங்கள் கிளவுஸ் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். இதை நான் ஒவ்வொரு வருஷமும் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். நன்றாகவே எடுக்கிறேன் என்று பெயர்.

திட்டத்தில் எனக்கு உதவியாக ஒரு பெண் சேர்ந்தாள். அம்மையார்குப்பத்துக்காரி. வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, இந்த வேலைக்காகச் சென்னையில் கிடைத்த இன்னொன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள். தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மலையைக் கும்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் கிளவுஸை எடுப்பாள். நான் அதைப் பார்த்துப் புன்னகை செய்வேன். படித்தவன், படித்தும் திருந்தாதவர்களைப் பார்த்துச் செய்யும் புன்னகை.

நான் சாமி கும்பிடுவதில்லை. கல்லூரியில் படிக்கும்போது பிடித்த கொள்கை. திருத்தணியில் பிறந்துவிட்டு இப்படி இருப்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நைனாவோ கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறுகிறவர். இதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு கரும்பு, கரண்ட், மழை என்ற மூன்றோடு நின்றுவிடும். ஒரு ஆடிக்கு மட்டும் வாய்விட்டுக் கேட்டார்.

“ஒரு தபா மேல வந்துட்டுப் போயேன்டா. உள்ள வரவேணாம். வாசல்ல நின்னாக்கூடப் போதும்.”

“நின்னா என்ன ஆகும் நைனா?” என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் காப்பி குடித்தேன்.

வேலை ஆரம்பமானது. பூஞ்சை வளரும் எல்லாப் பெட்டிகளிலும் விளக்கை வெவ்வேறு நேரத்தில் அணைக்க டைமர் வைத்தோம். அப்படிச் செய்தால் பூஞ்சைக்கு வெவ்வேறு பொழுதாக இருக்கும், எங்களுக்கு மட்டும் ஒரே காலை வேளை. சிவப்பு விளக்கில் பூஞ்சையை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அந்தப் பெண் கல்வத்தில் அரைப்பாள். நைட்ரஜன், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் ஆஸ்பத்திரியிலிருந்து கேனில் வரும். அரைத்த பொடியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கட்டத்தை மட்டும் நான் அவளிடம் விட்டதில்லை. “அதுக்கு அனுபவம் வேணும்மா,” என்று சொல்லிவிட்டு ஜன்னலோர மேசையில் நானே உட்கார்ந்துவிடுவேன்.

எடுத்ததைப் பரிசோதிக்க, ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். நல்ல ஆர்.என்.ஏ. என்றால் இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரியும். எங்களுடையதில் கோடு இல்லை. அடியில் ஒரு மங்கல் மட்டும், சிந்திய மோரைத் துடைத்த மாதிரி. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் கட்டெறும்பு.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எனக்குக் கோணலாகத் தெரிந்த மேடைகளைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர், சென்னையிலிருந்து பாட்டிலில் வரவழைத்தேன். அப்புறம் கரண்ட், மின்வாரியத்துக்குப் போய் யாரோ ஒருவரிடம் கத்திவிட்டு வந்தேன். அப்புறம் மருந்து விற்ற கம்பெனி. அப்புறம் மாட்டாஸ்பத்திரி நைட்ரஜன். மாட்டுக்கு ஒத்துக்கொள்வது பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கொள்கையே வகுத்தேன். கடைசியில் கல்வம். அதாவது அரைக்கிறவள்.

முதல்வர் ஒரு நாள் வந்து ஜெல்லை எட்டிப் பார்த்தார். “சில கைக்கு ராசி இருக்காதுங்க சார்,” என்றார். நான் அவருக்கு அங்கேயே மூடநம்பிக்கை பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்துக்குள் ஆர்.என்.ஏ.வைக் காட்டாவிட்டால் திட்டம் நிறுத்தப்படும். வேலை நடக்கும் விதத்தை வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பவும். முதல்வர் டேப்பை எடுத்து வந்து அறையை அளந்தார். கம்ப்யூட்டர் டைப்பிங் வகுப்புக்குச் சரியாக இருக்கும் என்றார். எனக்குச் சம்பளம் எப்படியும் வரும். அந்தப் பெண்ணுக்கு அன்றோடு வேலை போகும். அவள் கல்வத்தை முன்னைவிட அதிக நேரம் கழுவினாள். எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சங்கடம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று ஒரு பீக்கரை உடைத்தேன்.

வீடியோவை அவள்தான் எடுத்தாள், போனை ஸ்டாண்டில் நிறுத்தி. நான் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நைனா சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அன்று மழையும் இல்லை, கரண்டும் இருந்தது, பேச ஒன்றும் இல்லை. “உங்க நிலத்துப் பூஞ்சை நைனா, பாருங்க,” என்று போனை நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நானும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கோட்டு நன்றாக இருந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர் டியூபைத் திறக்கிறார். பிப்பெட்டை எடுக்கிறார். அப்போது வீடியோவுக்குள் எங்கோ மலைமேல் உச்சிகால மணி அடிக்கிறது. வெள்ளைக் கோட்டுக்காரர் பிப்பெட்டைக் கீழே வைக்கிறார். முகத்தை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்புகிறார். கிளவுஸ் போட்ட இரண்டு கைகளையும் தூக்கிக் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொள்கிறார். பிறகு அதே கையால் டியூபின் வாயைப் பிடித்து வேலையைத் தொடர்கிறார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இருமியவன்கூடத் தான் இருமியதை அறிவான். அந்த ஆளுக்கு எதுவுமே தெரிந்த மாதிரி இல்லை.

“இன்னொரு தபா போடு,” என்றார் நைனா.

போட்டேன். மணி அடித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீடியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மலைக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ரோட்டில் அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள், அதற்கும் ஒரு தரம் போட்டுக்கொண்டேன். ஒரு கட்டத்தில் மணியும் இல்லை, அரோகராவும் இல்லை. மேகம் விலகி மலைமேல் வெயில் விழுந்தது போலிருக்கிறது, அதற்கும் ஒரு தரம்.

நைனா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை.

“கும்புட்டுகினுதான் இருக்க,” என்றார். “என்கிட்ட மட்டும் இல்ல இல்லன்னு சொல்லிகினு.”

ஒரு வருஷமாகத் தண்ணீரையும் மின்வாரியத்தையும் மாட்டாஸ்பத்திரியையும் ஒரு ஏழைப் பெண்ணின் கையையும் சந்தேகப்பட்டவன், தினமும் என் வேர்வைக் கன்னத்தில் கிளவுஸைத் தேய்த்து அதை டியூபில் கழுவியிருக்கிறேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஆனால் அதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “ஆங், நைனா,” என்று மட்டும் சொன்னேன்.

சும்மா இருந்திருக்கலாம். அந்த ‘ஆங்’கைப் பிடித்துக்கொண்டு அவர் வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, சொந்தபந்தம் முழுக்க அனுப்பிவிட்டார். ராத்திரி ஆவதற்குள் ஆர்.கே.பேட்டையிலிருந்து என் அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டு, “பாவா பேசறேன். இந்த ஆடிக்குக் காவடி எடுக்கறியாமே?” என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் வீடியோவைக் காட்டினேன். காட்டும்போது எனக்குக் காது இரண்டும் சுட்டது. அவள் பார்த்துவிட்டு ஆச்சரியப்படவேயில்லை.

“தெனமும் பாத்துகினுதான் சார் இருந்தேன்.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“நீங்க வெளிய இல்லன்னு சொல்லிகினு, ரகசியமா கும்புடறீங்கன்னு நெனச்சேன் சார். அதப் போயி எப்படிக் கேக்கறது? உங்க கை டியூபுக்குப் போறது எனக்குத் தோணவே இல்ல. சாமி மேலயே நெனப்பாப் பூடுச்சு.”

சரி, கண்டுபிடித்துவிட்டோம், இனி நிறுத்திவிட்டால் போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் மறுபடி என் மண்டைக்கனம். அன்றைக்கே உட்கார்ந்தேன். ஜன்னலை மூடினேன். மணி அடித்தது. கை போனது. அடுத்த நாள் மணிக்கு முன்பே பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்; அரோகரா வந்தது, கை போனது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு மலைக்கு முதுகைக் காட்டினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகுக்கு மலை தெரிந்தது. கையில் பிப்பெட் இருக்கும்போது மணி அடித்தால் பிப்பெட்டோடு கன்னத்துக்குப் போய், காதில் குத்திக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பூஞ்சையின் கடிகாரத்தைப் படித்தவன் நான். ஒரு கடிகாரத்தை ஒரு தரம் வைத்துவிட்டால், இருட்டில் போட்டுப் பூட்டினாலும் அது பாட்டுக்கு ஓடும். என் கடிகாரத்தை வைத்தவர் யார் என்றும் ஞாபகம் வந்தது. நைனாவின் சைக்கிளில் முன் கம்பியில் உட்கார்ந்து வருவேன். பள்ளிப்பட்டு ரோட்டு வளைவில் மலை தெரிந்ததும் சைக்கிளைக் காலால் ஊன்றி நிறுத்தி, என் இரண்டு கைகளையும் பிடித்து என் கன்னத்தில் போடுவார். எனக்கு அப்போது பேச்சுகூட ஒழுங்காக வராத வயது. நான் என் கொள்கையை மூளைக்குத்தான் சொல்லி வைத்திருந்தேன். கைக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை.

வழி சொன்னது அந்தப் பெண்தான். பெரிய வழி இல்லை. “நிறுத்த முடியலன்னா விடுங்க சார். கும்புடுங்க. கும்புட்டதும் கிளவுஸக் கழட்டிட்டு வேற போட்டுக்கங்க.” சொல்லிவிட்டு ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள்: மணி அடித்தால் கிளவுஸ் மாற்றவும். கீழே அடைப்புக்குறிக்குள், அரோகராவுக்கும்.

மணி அடித்தது. டியூபை மூடி ஐஸில் வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிளவுஸைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு அவள் நீட்டிய புதிய ஜோடியை மாட்டிக்கொண்டேன். டியூபைத் திறந்தேன். கூட்டம் நெருங்கும்வரை இப்படியே நடந்தது. ஜெல்லை விளக்கின் மேல் வைத்தபோது இரண்டு கோடுகள், பளிச்சென்று, எல்லா வரிசையிலும். நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். “அரோகரான்னு கத்துனீங்க சார்.” கத்திய கையோடு கன்னத்திலும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆர்.என்.ஏ.வில் கடிகார ஜீனின் ஓலைகளை எண்ணினோம். இருட்டில் இருந்த பூஞ்சையில், அதற்குக் காலைப் பொழுதானபோது ஏறியிருந்தது, மாலையானபோது இறங்கியிருந்தது. நைனாவின் நிலத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. குழு திட்டத்தை நீட்டித்தது. அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. இப்போதெல்லாம் ஆர்.என்.ஏ.வை அவளே எடுக்கிறாள், என்னைவிடச் சுத்தமாக. கூட்டத்தில் மட்டும் ஒரு அம்மையார், இவ்வளவு சிறிய ஆய்வுக்கூடத்துக்கு இத்தனை கிளவுஸ் ஏன் என்று கேட்டார். ஊர் அப்படி என்றேன்.

விஷயம் தெரிந்து நைனா கல்லூரிக்கு வந்தார், தன் நிலத்துப் பூஞ்சையைப் பார்க்க. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவில் இருந்த தாளைக் கிழிக்க எனக்கு நேரமில்லை. அவர் வாசலிலேயே நின்று அதை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். அவர் கரும்பு விவசாயி. ஒன்றைப் பார்த்தால் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். கேட்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

“அப்போ நீ கும்புடல. கை தானாப் போவுது.”

“ஆங், நைனா.”

“நான் பழக்குன பழக்கம். அதனாலதான் உன் வேலை ஒரு வருஷம் கெட்டுச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலே மணி அடித்தது. அவர் கைகள் கன்னத்துக்குப் போயின. என் கைகளும் போயின. ஒரே மாதிரி, வலது முதலில், அப்புறம் இடது, கடைசியில் மறுபடி வலது. இரண்டு பேரும் கையைக் கன்னத்தில் வைத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்தப் பெண் பழக்க தோஷத்தில் புது கிளவுஸை நீட்டிக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் நான் அடக்கவில்லை.

நைனா எழுந்து அவள் கையிலிருந்த ஜோடியை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, என்னிடம் கொடுத்தார்.

“நீ நிறுத்தாத,” என்றார். “கை உறை நான் வாங்கியாறேன்.”